எத்தியோப்பியாவில் இருந்தவர்கள் எழுதுங்கள்: ஒரே தட்டில் சாப்பிடும் நாடு

பஹிர் தாரில் ஆசிரியராக இருந்தவர்:

எத்தியோப்பியாவில் வேலை பார்த்தவர்கள் நம் நடுவில் சிலர் இருப்பது தெரியும். நான் தொடங்கி வைக்கிறேன், மற்றவர்களும் அவரவர் பார்த்ததை எழுதுங்கள். அந்த நாட்டைப் பற்றித் தமிழில் தேடினால் இன்றைக்கும் 1984-ஆம் ஆண்டுப் பஞ்சமும் எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்களும்தான் முதலில் வருகின்றன. பஞ்சம் வந்தது உண்மை, லட்சக்கணக்கானோர் செத்ததும் உண்மை. ஆனால் பத்துக் கோடிக்கும் மேல் மக்கள், எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் வாழும் ஒரு நாட்டை அந்த ஒரு படத்தோடு முடித்துவிடுவது அநியாயம். அந்த ஊர் உப்பைத் தின்றவன் என்ற முறையில் இதைச் சொல்வது என் கடமை என்றே நினைக்கிறேன்.

நான் போனது கல்லூரி ஆசிரியராக. 1990-களின் தொடக்கத்தில் அங்கே இருந்த பல்கலைக்கழகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடுத்த இருபது ஆண்டுகளில் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. கட்டடம் எழும்பிய வேகத்துக்கு ஆசிரியர்கள் கிடைக்கவில்லை, அதனால் இந்தியாவிலிருந்து ஆட்களை எடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எங்களில் பலர் அப்படித்தான் ஜிம்மா, அர்பா மிஞ்ச், மெக்கெல்லே, பஹிர் தார் என்று போய்ச் சேர்ந்தோம்.

இந்திய வாத்தியார் அவர்களுக்குப் புதிதும் அல்ல. ஹைலே செலாசி பேரரசராக இருந்த காலத்திலேயே ஏராளமான இந்திய ஆசிரியர்கள், முக்கியமாகக் கேரளத்துக்காரர்கள், அங்கே பள்ளிகளில் பாடம் நடத்தப் போயிருக்கிறார்கள். தொலைதூரச் சிற்றூர்களில்கூட இருந்திருக்கிறார்கள். பஹிர் தாரில் ஒரு மருந்துக்கடைப் பெரியவர், நான் இந்தியன் என்று தெரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அவருக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தவர் ஓர் இந்தியராம். மாத்திரையை எடுத்துத் தருவதற்கு முன்னால் பதினாறாம் வாய்ப்பாட்டை ஆங்கிலத்தில் ஒப்பித்துக் காட்டினார். பெயர் தெரியாத ஒரு வாத்தியார் அரை நூற்றாண்டுக்கு முன்னால் சேர்த்து வைத்துவிட்டுப் போன மரியாதை எனக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு வகுப்புக்குத் தயார் செய்யாமல் போக எனக்கு மனசு வந்ததே இல்லை.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று நாம் நினைக்கிறோம். தலைநகரம் அடிஸ் அபாபா ஊட்டியைவிட உயரத்தில் இருக்கிறது, சுமார் 2,350 மீட்டர். ராத்திரியில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. பஹிர் தார் அவ்வளவு உயரமில்லை, 1,800 மீட்டர் இருக்கும். தானா ஏரிக்கரையில், வரிசையாகப் பனை வகை மரங்கள் நின்ற அகலமான தெருக்களோடு அழகான ஊர். நீல நைல் அந்த ஏரியிலிருந்துதான் புறப்படுகிறது. ஏரிக்குள் தீவுகள், தீவுகளில் பழைய மடாலயங்கள், அவற்றின் வட்டமான தேவாலயச் சுவர் முழுக்க வண்ண ஓவியங்கள். பாப்பிரஸ் கோரையைக் கட்டிச் செய்த தன்க்வா என்ற படகில் விறகும் மீனும் ஏற்றிக்கொண்டு ஆட்கள் துடுப்புப் போட்டு வருவார்கள். தண்ணீர் ஊறினால் சில வாரங்களில் கோரை நைந்துவிடும், புதிதாக ஒன்று கட்டிக்கொள்வார்கள். ஊருக்குள் சுற்ற நம்ம ஊர் ஆட்டோதான். அதற்கு அங்கே பெயரே 'பஜாஜ்', நீல நிறத்தில் இருக்கும்.

நேரமும் நாட்காட்டியும் அவர்களுக்கு வேறு. சூரியன் உதிக்கும்போது நாள் தொடங்குகிறது, ஆகவே நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. எட்டு மணி வகுப்பு என்பது இரண்டு மணி வகுப்பு. பஞ்சாங்கத்தில் உதயாதி நாழிகை பார்த்த வீட்டிலிருந்து வந்தவனுக்கு இதில் தடுமாற ஒன்றுமில்லை. வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். பன்னிரண்டு மாதங்களுக்குத் தலா முப்பது நாள், கடைசியாக பகுமே என்று ஒரு குட்டி மாதம், அதற்கு ஐந்தோ ஆறோ நாள். நம் கணக்குக்கு ஏழெட்டு வருடம் பின்னால் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்ததை அவர்கள் கொண்டாடியது நம் 2007 செப்டம்பரில்.

1896-இல் அத்வாவில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த நாடு. பிறகு 1936 முதல் 1941 வரை இத்தாலி ஆக்கிரமித்திருந்த அந்தச் சில வருடங்களைத் தவிர யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை. தங்கள் மணிக்கணக்கை, எழுத்தை, நாட்காட்டியை யாருக்காகவும் அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டி வரவில்லை. சாதாரணப் பெட்டிக்கடைக்காரர் பேச்சில்கூட அந்த நிமிர்வு தெரியும்.

பெயர் விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அடுத்து அப்பா பெயர், தேவைப்பட்டால் தாத்தா பெயர், அவ்வளவுதான். ஓட்டப்பந்தய வீரர் ஹைலே கெப்ரசெலாசியை ஊரில் ஹைலே என்றுதான் சொல்வார்கள், கெப்ரசெலாசி அவருடைய அப்பா. பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றுவதில்லை. இனிஷியலோடு வெளிநாடு போய், 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு ஏர்போர்ட்டில் அப்பா பெயரால் கூப்பிடப்பட்ட தமிழர்கள் இங்கே எத்தனை பேர்! அந்த நாட்டு அலுவலகப் படிவத்தில்தான் என் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று மூன்று கட்டங்களும் என் பெயருக்குச் சரியாகப் பொருந்தின. எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா என் தாத்தா பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்து, நல்ல பெயர் என்று தலையாட்டினார். தாத்தா பெயரை ஓர் அரசாங்கத்தாளில் நான் எழுதியது அதுவே முதல் முறை.

அவர்கள் எழுத்துக்கும் நம் எழுத்துக்கும் நேரடி வம்சத் தொடர்பு கிடையாது. ஆனால் மெய்யோடு உயிர் சேர்ந்து உருவம் மாறும் முறை நமக்குப் பழகினதுதான். முப்பத்து மூன்று அடிப்படை எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம். பக்கத்து வீட்டுப் பிள்ளை சுவரில் மாட்டியிருந்த அட்டவணையைப் பார்த்து சத்தம் போட்டுப் படிக்கும்போது நம்ம ஊர்த் திண்ணைப் பாடம் மாதிரியே கேட்கும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். இஞ்ஜெரா. தெஃப் என்று கசகசா அளவே உள்ள தானியம், அதன் மாவைக் கரைத்து, முந்தின கரைசலில் எடுத்து வைத்த புளித்த நீரைக் கலந்து, இரண்டு மூன்று நாள் புளிக்க விடுவார்கள். பிறகு பெரிய மண் தட்டில் வார்ப்பார்கள். நாம் தோசையை நடுவில் ஊற்றி வெளியே இழுக்கிறோம். அவர்கள் விளிம்பில் தொடங்கி வட்டம் வட்டமாக உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். கரண்டியால் தேய்ப்பதில்லை, திருப்பிப் போடுவதும் இல்லை, மூடி வைத்து வேகவிடுவதுதான். மேலே முழுக்கப் பொடிப்பொடியாய் ஓட்டை விழ வேண்டும். ஓட்டை சரியாக விழாவிட்டால் வார்த்தவருக்கு முகம் வாடிவிடும்.

அந்த ஒரு இஞ்ஜெராவை அகலமான தட்டில் விரித்து, மேலே பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், ஷிரோ என்ற கடலைமாவுக் குழம்பு எல்லாவற்றையும் குவியல் குவியலாக வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். எச்சில் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் கை வரவில்லை. துறையில் மூத்த பேராசிரியர் ஒருவர் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டு இஞ்ஜெராவைப் பிய்த்து, பருப்பைச் சுருட்டி, என் வாய்க்கு நேரே நீட்டினார். இதற்கு குர்ஷா என்று பெயர். மறுக்கக் கூடாது. ஒன்றோடு அவர் நிறுத்தவும் மாட்டார். என் அம்மாவுக்குப் பிறகு எனக்கு ஊட்டிவிட்டது அவர்தான். அன்றைக்கு விட்டது என் கூச்சம்.

சைவமாக இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொட மாட்டார்கள். ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் தொடர்ந்து விரதம். அந்த நாட்களில் எந்தச் சின்னக் கடையிலும் விரதத் தட்டு கிடைக்கும். மற்ற நாட்களில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது கடந்து போனால், தெரியாதவராக இருந்தாலும், வா சாப்பிடலாம் என்று கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவனைப் பார்த்தால் அவர்களுக்குப் பாவமாக இருக்கும். விடுதியில் நான் தனியாகச் சாப்பிட்ட ஆரம்ப நாட்களில், பரிமாறும் பெண் பக்கத்து மேஜைக்காரர்களிடம் ஏதோ சொல்வார், அவர்கள் தட்டோடு என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். வகுப்பில் இன்னொரு வழக்கம். ஆமாம் என்பதற்கு வாயால் பதில் சொல்ல மாட்டார்கள், மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள். அறுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் மூச்சிழுத்தால் எப்படி இருக்கும்! புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் அந்த மக்களை நான் உண்மையில் புரிந்துகொண்டது ஒரு சாவு வீட்டில். எங்கள் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவரின் தாயார் தவறிவிட்டார். செய்தி வந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர் வீட்டு முன்னால் தெருவை அடைத்துப் பெரிய கூடாரம் எழும்பிவிட்டது. பெஞ்சுகள், அண்டாக்கள், தட்டு தம்ளர் எல்லாம் வந்து இறங்கின. எல்லாவற்றிலும் பெயின்ட்டால் எண் எழுதியிருந்தது. வீட்டுக்காரர் ஒரு வேலையும் செய்யவில்லை, ஒரு காசும் அப்போது எடுக்கவில்லை. இதெல்லாம் இதிர் செய்வது. தெருவுக்குத் தெரு இப்படி ஒரு சங்கம் இருக்கும். மாதாமாதம் சின்னத் தொகை கட்டுவார்கள். உறுப்பினர் வீட்டில் சாவு என்றால் பணம், கூடாரம், சமையல், குழி வெட்டுவது வரை சங்கத்தின் பொறுப்பு. வராதவருக்கு அபராதம் உண்டு, ஒருவர் நோட்டுப் புத்தகம் வைத்து வருகை எடுத்துக்கொண்டிருந்தார். ஆர்த்தடாக்ஸ் வீட்டுச் சாவுக்குப் பக்கத்துத் தெரு முஸ்லிம் பெரியவர்களும் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் அதே இதிரில் உறுப்பினர்கள்.

கூடாரத்துக்குள் யாரும் பேசவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், அவித்த கோதுமையும் கொண்டைக்கடலையும் கலந்த நிஃப்ரோவை ஒரு கை வாங்கிக்கொண்டார்கள், வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு எழுந்து போனார்கள். மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும். இரவில் அந்த வீட்டில் ஒருவரையும் தனியாகத் தூங்கவிடவில்லை, உறவினர்கள் கூடத்தில் பாய் போட்டுக் கூடவே படுத்தார்கள். ஆறுதல் என்று நீட்டி முழக்கிப் பேசுவதைவிட இது பெரிது என்று எனக்குத் தோன்றியது.

லாலிபெலா ஊரின் பாறைத் தேவாலயங்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் ஒன்றே ஒன்று. பதினொரு தேவாலயங்களும் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்தவை, 12, 13-ஆம் நூற்றாண்டுகளில். கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. வித்தியாசம் என்னவென்றால், வெட்டுவான் கோயில் பாதியில் நின்றுபோனது. லாலிபெலாவில் இன்றைக்கும் விடியற்காலையில் வெள்ளைத் துணி போர்த்திய ஜனங்கள் உள்ளே நின்று தொழுகிறார்கள்.

ஹவாசாவில் கார்மென்ட் லைனில் இருந்தவர்:

சார், அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வடக்கு, நான் தெற்கு. நான் பார்த்த எத்தியோப்பியா கொஞ்சம் வேறு மாதிரி.

திருப்பூரில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். ஹவாசாவில் 2016-இல் பெரிய தொழிற்பூங்கா திறந்தார்கள். வரிசையாக ஷெட், எல்லாம் ஏற்றுமதி கார்மென்ட். தையல் பழக்க ஆள் வேண்டுமென்று எங்களைப் போன்றவர்களைக் கூட்டிப்போனார்கள். வேலைக்கு வந்த பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் சிடாமா இனத்தாரின் கிராமங்களிலிருந்து நேராக வந்தவர்கள், பதினெட்டு பத்தொன்பது வயது. கையில் நல்ல வேகம். ஓவர்லாக் மெஷினை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

சம்பளத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதம் 26 டாலர்தான் அடிப்படைச் சம்பளம் என்று 2019-இல் வந்த ஒரு ஆய்வு வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எல்லாம் பேசப்பட்டது. தனியார் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி என்று அந்த நாட்டில் சட்டம் இல்லை. நாலு பெண்கள் சேர்ந்து ஒரு அறை எடுத்து, ஒரே மெத்தையில் படுத்து, வாடகை போக மிச்சத்தை ஊருக்கு அனுப்புவார்கள். பலர் சில மாதங்களில் விட்டுப் போய்விடுவார்கள். போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அப்புறம் வடக்கே திக்ரே மாநிலத்தில் நடந்த போர் காரணமாக அமெரிக்கா 2022 ஜனவரி முதல் வரிச் சலுகையை நிறுத்தியது, ஆர்டர் குறைந்தது, பல ஷெட்டுகள் மூடின. போரில் துளியும் சம்பந்தமில்லாத அந்தப் பிள்ளைகள் தலையில்தான் அது விழுந்தது.

அந்தச் சம்பளத்திலும் அவர்கள் சீட்டுப் போட்டார்கள்! எக்குப் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சம்பள நாளில் ஆளுக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்து, பெயர் எழுதிச் சுருட்டிக் குலுக்கி, விழுந்தவருக்கு மொத்தத்தையும் கொடுப்பார்கள். ஏலம், தள்ளு எதுவும் இல்லை. ஒரு பெண்ணுக்குச் சீட்டு விழவில்லை, ஆனால் அவள் தம்பிக்கு உடம்பு சரியில்லை. விழுந்தவள் அப்படியே பணத்தை அவள் கையில் வைத்துவிட்டுத் தன் முறையைப் பின்னால் போட்டுக்கொண்டாள். மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே நடந்தது இது, பேச்சுக்கூடப் பெரிதாக இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது என்செட். சிடாமா கிராமத்துக்குப் போனால் ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் வாழைத்தோப்பு நிற்கிற மாதிரி இருக்கும். அதே இலை, அதே தண்டு, ஆனால் இன்னும் பருமன். பழம் தின்ன ஆகாது. கிழங்கையும் தண்டையும்தான் சாப்பிடுவார்கள். பெண்கள் உட்கார்ந்து மட்டையைப் பலகையில் சாய்த்து, மூங்கில் துண்டால் சுரண்டுவார்கள், வெள்ளையாகக் கூழ் இறங்கும். அதைக் கிழங்குத் துருவலோடு சேர்த்து, என்செட் இலையிலேயே சுற்றி, குழியில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். வேண்டும்போது எடுத்துப் பிழிந்து, தட்டி, சுட்டால் கோச்சோ. நார் கயிறாகிறது, இலை தட்டாகிறது, பொட்டலமாகிறது. மழை பொய்த்த வருடத்திலும் நிற்கும். ஒரு மரம் முற்ற நாலைந்து வருடம் ஆகும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். கோடிக்கும் மேற்பட்ட ஜனம் இதை நம்பித்தான் இருக்கிறது. வாழையின் தலை முதல் கால் வரை உபயோகிக்கிற நமக்கே அங்கே கற்றுக்கொள்ள இருந்தது.

ஹவாசா ஏரிக்கரை மீன் சந்தைக்குக் காலையில் போகணும். வலை இழுத்து வந்து திலாப்பியாவை அங்கேயே கழுவி அறுப்பார்கள். ஆள் உயரத்துக்கு மராபூ நாரைகள், வழுக்கைத் தலையோடு, ஏதோ வேலைக்கு வந்தவை போல மனிதர்களுக்கு நடுவில் நிற்கும். கழிவைத் தூக்கிப் போட்டால் கொத்திக்கொள்ளும். சிலர் பச்சை மீனை மிளகாய்க் காரத்தில் தொட்டு அப்படியே சாப்பிடுவார்கள். நான் பொரித்ததை வாங்கிக்கொண்டேன்.

சிடாமாக்காரர்களின் புத்தாண்டு ஃபிச்சே சம்பலாலா. தேதி எந்தக் காலண்டரிலும் அச்சடித்திருக்காது. பெரியவர்கள் இரவில் நட்சத்திரங்களைக் கவனித்து நாள் குறிப்பார்கள். 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2020-இல் சிடாமா தனி மாநிலமும் ஆனது. அந்த வாக்கெடுப்புக்கு, 2019 நவம்பரில், எங்கள் லைனில் இருந்த பிள்ளைகள் நல்ல உடை உடுத்திக்கொண்டு விடியும் முன்னமே வரிசையில் போய் நின்றார்கள்.

அடிஸ் அபாபாவில் குடும்பத்தோடு இருந்தவர்:

சாரும் தம்பியும் எழுதியதைப் படித்ததும் எனக்கும் கை துறுதுறுக்கிறது. காப்பியைப் பற்றி யாருமே எழுதவில்லையே! காப்பி பிறந்த நாடாயிற்றே. தென்மேற்கே காஃபா என்ற மலைப்பகுதியில் அது காட்டுச் செடியாகவே இன்றும் இருக்கிறது. நெடுங்காலம் நாட்டின் முதல் ஏற்றுமதிப் பொருளாக இருந்ததும் அதுதான். ஆனாலும் விளைவதில் ஏறத்தாழப் பாதியை அவர்களே குடித்துவிடுகிறார்கள். விற்பதற்காக மட்டும் பயிர் செய்கிறவர்கள் இல்லை, எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

நாங்கள் இருந்தது நகர எல்லையில் உள்ள காண்டோமினியம் குடியிருப்பு ஒன்றில். கணவர் வேலைக்குப் போனதும் வீட்டில் நானும் கைக்குழந்தையும்தான். பாஷை தெரியாது. எதிர் வீட்டு அக்கா முஸ்லிம், அவருக்குப் பக்கத்தில் ஆர்த்தடாக்ஸ் குடும்பம், மேலே ஓரோமோ புராட்டஸ்டன்ட் குடும்பம். யார் வீட்டில் காப்பி என்பது முறை வைத்து நடக்கும். ஒரு சிறுமி வந்து கதவைத் தட்டி 'புனா' என்று ஒற்றைச் சொல் சொல்லிவிட்டு ஓடிவிடும். போகாமல் இருக்க முடியாது.

தரையில் பச்சைப் புல்லைப் பரப்பியிருப்பார்கள். ஒரு மூலையில் குந்திரிக்கம் புகையும். பச்சைக் கொட்டையைக் கழுவி, கரி அடுப்பில் இரும்புத் தட்டை வைத்து வறுப்பார்கள். எண்ணெய் கசிந்து கறுத்து வரும்போது அந்தத் தட்டை அப்படியே எடுத்து வந்து ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் காட்டுவார்கள். புகையைக் கையால் அள்ளி முகர்ந்து நல்லது என்று சொல்ல வேண்டும். பிறகு உரலில் இடிப்பது, கறுப்பு மண் ஜாடியான ஜெபெனாவில் கொதிக்க விடுவது, தெளிய வைப்பது. கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்களில் கொஞ்சம் உயரத்திலிருந்து, சொட்டு சிந்தாமல் ஊற்றுவார்கள். கூடவே சோளப்பொரி, வறுத்த பார்லி. முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெக்கா. ஒவ்வொரு தடவையும் அதே தூளில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைப்பதால் போகப் போகத் திக்குக் குறையும், பேச்சு கூடும். மூன்றாவதில்தான் ஆசீர்வாதம் இருக்கிறது என்பார்கள், அதற்கு முன் எழுந்தால் விட மாட்டார்கள்.

ஒரு நாள் என் கிண்ணத்தில் ஒரு கிள்ளுப் பச்சை இலை மிதந்தது. வாசம் வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அருவதா! எங்கள் பாட்டி கைக்குழந்தைக்கு அரைஞாணில் கட்டிவிடுவாரே, சளிக்கு எண்ணெயில் காய்ச்சித் தடவுவாரே, அதே செடி. அவர்கள் தேனா ஆதாம் என்கிறார்கள், தொட்டியில் வளர்த்துக் காப்பியில் போட்டுக் குடிக்கிறார்கள். பாட்டி செய்ததை நான் சைகையில் காட்டினேன். எதிர் வீட்டு அக்கா உடனே எழுந்து போய் வேரோடு ஒரு செடியைப் பிடுங்கி வந்து, பால் டின்னில் நட்டு, என் கையில் கொடுத்துவிட்டார். நாங்கள் ஊருக்குத் திரும்பும் வரை அது எங்கள் பால்கனியில் இருந்தது.

ஒன்றையும் பூசி மெழுகாமல் சொல்கிறேன். 2007 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேர் ஆர்த்தடாக்ஸ், முப்பத்து நான்கு பேர் முஸ்லிம்கள். காப்பியும் கீரையும் பருப்பும் எல்லோருக்கும் பொது. இறைச்சி மட்டும் பொது கிடையாது. கிறிஸ்தவர் அறுத்ததை முஸ்லிம்கள் உண்பதில்லை, முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறிஸ்தவர்களும் உண்பதில்லை. அதற்காக யாரும் யாரிடமும் மனஸ்தாபப்பட்டு நான் பார்க்கவில்லை. மேல் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு தனித்தனிச் சமையல், இரண்டு வெவ்வேறு பந்தி, எங்களுக்கென்று காய்கறித் தட்டு. மாப்பிள்ளை வீட்டார் மூன்று பக்கமும் வந்து போதுமா, வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

செப்டம்பர் மாதத்தில் இருந்து பாருங்கள். ஜூனில் தொடங்கிய பெருமழை அடங்கி, மலையெல்லாம் ஆதே அபாபா என்ற மஞ்சள் பூ பூத்துக் கிடக்கும். அவர்களுடைய புத்தாண்டு 11-ஆம் தேதி. வெள்ளை உடுத்திய சின்னப் பெண்கள் பூங்கொத்தோடு வீடு வீடாக வந்து பாடுவார்கள். 27-ஆம் தேதி மெஸ்கல் என்ற சிலுவைத் திருநாள், அதற்கு முந்தின நாள் மாலை உயரமாகக் கழி அடுக்கித் தீ மூட்டுவார்கள். எரிந்து விழும் திசையைப் பார்த்துப் பலன் சொல்வார்கள்.

பஹிர் தாரில் ஆசிரியராக இருந்தவர்:

அருவதாவை மறந்தே போயிருந்தேன் அம்மா, ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. தம்பி சொன்ன போரைப் பற்றி நானும் கொஞ்சம் எழுதிவிடுகிறேன்.

அங்கே மாணவர்களை நாடு முழுவதற்குமாக ஒரே பட்டியல் போட்டுப் பிரித்து அனுப்புவார்கள். அதனால் என் வகுப்பில் திக்ரே, ஓரோமோ, அம்ஹாரா, சோமாலி, குராகே என்று எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரே அறை, ஒரே தட்டு. 2020 நவம்பரில் திக்ரே போர் வெடித்தபோது நான் இந்தியா திரும்பியிருந்தேன். அங்கே போன், பேங்க் எல்லாம் நின்றுபோனது. என் பழைய மாணவன் ஒருவன், அம்ஹாராக்காரன், தன்னோடு அறையில் இருந்த திக்ரே நண்பனைப் பற்றி ஏதாவது தகவல் கிடைத்ததா என்று என்னிடம் விசாரித்துக்கொண்டே இருந்தான். இவன் ஊர்ப்பக்கமும் சண்டை வந்து, இவன் வீட்டையும் விட்டு ஓட வேண்டி வந்த பிறகும் கேட்டான். 2022 நவம்பரில் பிரிட்டோரியாவில் அமைதி ஒப்பந்தம் ஆகி, திக்ரேயின் தலைநகரான மெக்கெல்லேக்கு போன் லைன் திரும்பிய பிறகு அந்த நண்பனே எனக்குப் பேசினான். உயிரோடு இருக்கிறேன் சார், முதலில் அவன் நம்பரைக் கொடுங்கள் என்றான். இருவரும் பேசிக்கொண்டார்கள் என்று அறிந்த அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி. அடுத்த வருடமே பஹிர் தார் இருக்கும் அம்ஹாரா மாநிலத்தில் சண்டை தொடங்கிவிட்டது, பஹிர் தாருக்கு இன்டர்நெட் அறுந்தது. போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பகுதி வாரியாக நிலவரம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

சந்தோஷமான செய்தியும் ஒன்று உண்டு. நீல நைலின் குறுக்கே அணை கட்டப் போவதாக 2011-இல் அறிவித்தபோது வெளிநாட்டுக் கடன் கிடைக்கவில்லை. ஜனங்களே பத்திரம் வாங்கினார்கள், அரசு ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளத்தை எழுதிக்கொடுத்தார்கள். எங்கள் துறையில் தரை துடைத்த அம்மாள்கூடத் தவணை போட்டுப் பத்திரம் வாங்கி, மடித்து பைபிளுக்குள் வைத்திருந்தார். கீழே எகிப்தும் சூடானும் தண்ணீரை நினைத்துப் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது, அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனாலும் 2025 செப்டம்பரில், அவர்கள் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால் அணை திறப்பு விழா நடந்தபோது, 5,150 மெகாவாட் என்று என் பழைய மாணவர்கள் வரிசையாகப் படம் அனுப்பினார்கள். அதில் இருவர் அங்கேயே வேலை பார்க்கிறார்கள்.

கிழக்கே ஹரார் பக்கம் நான் போனதில்லை. மதில் சூழ்ந்த அந்தப் பழைய ஊரில் இரவானால் கழுதைப்புலிகளுக்கு மனிதர்கள் இறைச்சி ஊட்டுகிறார்களே, அதை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். டனாக்கில் என்ற பாலைவனத்தின் உப்புப் பாளத்தில் ஒட்டகக் கூட்டத்தோடு போனவர்கள் இருந்தாலும் சரி.